வாங்க ஆளில்லாத பாத்திரம்

மாட்டுக் காது ஒன்றை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு தாயார் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்தார். உசிலம்பட்டிப் பக்கம், 1984-ம் வருடம். நான் அங்கே ஃபீல்டு ஆபீசர், இருபத்தேழு வயது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்திருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வங்கிக் கடன், அதில் ஒரு பங்கு அரசு மானியம். ஐ.ஆர்.டி.பி. லோன் என்றால் எங்கள் பக்கத்தில் கறவை மாடு என்றே அர்த்தம். மார்ச் 31-க்குள் இத்தனை மாடு என்று மேலேயிருந்து எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கையை முடிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு மாட்டை அந்தத் தாயாரின் மகன் பெயரில் எழுதினேன். பத்தாவது தவறிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஆறே மாதத்தில் மாடு செத்துப்போனது. இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் செத்த மாட்டின் காதில் வில்லை இருந்தால்தான் பணம் வரும். வேலிக்கருவை முள்ளில் மாட்டி வில்லை எப்போதோ பிய்ந்து விழுந்திருக்கிறது. உப்புத் தடவிக் கொண்டுவந்த காதில் ஒரு கிழிசல்தான் இருந்தது. "இதுலதான்யா அடிச்சிருந்தாய்ங்க, பாருங்க, ஓட்டை இருக்கு" என்று தன் சுண்டுவிரலை அந்தக் கிழிசலுக்குள் விட்டுக் காட்டினார்.

பணம் வரவில்லை. மகன் கேரளாவுக்குப் போய்விட்டான். களையெடுத்த கூலியிலிருந்து பத்தும் இருபதுமாக மூன்று வருடம் அந்த அம்மாள் கட்டினார். கடைசித் தவணைக்கு ரசீது வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, போகும்போது சொன்னார்: "நாங்க ஆட்டுக்காரவுக. எம்மகனுக்கு மாடு வளர்க்கத் தெரியுமான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா."

எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. கொடுத்தவன் நான், கொடுத்ததால் ஒரு குடும்பம் மூன்று வருடம் பட்டினியை நெருங்கி வாழ்ந்தது. கொடுப்பது எப்போது அறம் ஆகிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மணிமேகலையை முழுதாகப் படித்தேன். அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அது யார் கையில் இருந்தது என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. ஆபுத்திரன். பெற்றவள் விட்டுப்போன குழந்தை; ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்த ஊர் அவனைத் துரத்திவிட, மதுரைக்கு வருகிறான். நம்ம ஊர்தான். சிந்தாதேவி கோயில் வாசலில் தங்கி, வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுக்கிறான். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஆதரவில்லாதவர், நோயாளி என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டு, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது, தேவி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள்.

இதுவரை இது நாம் கேட்டுப் பழகிய கதை. அடுத்து நடப்பதுதான் என்னை உலுக்கியது. வரம் தர வந்த இந்திரனை ஆபுத்திரன் மதிக்கவில்லை. இந்திரன் அவனைத் தண்டிக்க நினைக்கிறான். பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, பஞ்சத்தையும் ஏவவில்லை. மழையைக் கொடுக்கிறான். பன்னிரண்டு வருடம் வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்கிறது, விளைகிறது, யாருக்கும் பசி இல்லை. அவன் இருந்த கோயில் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. நிறைந்த பாத்திரத்தோடு ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், உண்ண வருவார் உண்டா என்று கேட்டுத் திரிகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆள் இல்லாத தீவு. தன் ஒருவன் வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொள்ள மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான்.

ஊர் செழித்ததே ஒரு கொடையாளிக்குத் தண்டனை ஆகிறது. சாத்தனார் இதை எழுதியபோது என்ன நினைத்தாரோ, எனக்கு என் அப்பா நினைவு வந்தது. அப்பா செல்லூரில் தறிக்காரர். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில், ஆழ்வார்புரம் பக்கம், வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுவார். அதற்காக வருடம் முழுக்க உண்டியலில் காசு சேர்ப்பார். ஒரு வருடம் அன்றைக்கென்று மழை கொட்டியது. பந்தலுக்கு யாரும் வரவில்லை. நாலு பானை மோர் அப்படியே இருந்தது. வெயிலில் வாடிய ஜனத்துக்கு மழை நல்லதுதானே என்று அம்மா சொன்னதற்கு அப்பா பதிலே சொல்லவில்லை, மழையைத் திட்டினார். அவ்வளவு நல்ல மனிதர். அவருக்கும் அன்றைக்குத் தாகத்தோடு நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆபுத்திரன் கருணையால் தேடிப் போனான். ஆனால் கருணையே இல்லாமல் ஒரு நிறைந்த பாத்திரம் வீடு வீடாகக் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? அதை நாம் பார்த்துவிட்டோம். கடன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நுண்கடன் கம்பெனிக்காரர்கள் டூவீலரில் தெருவுக்கு வருகிறார்கள். தேவை இருக்கிறதா, தொழில் தெரியுமா, ஏற்கெனவே எத்தனை கடன் என்ற கேள்வி பின்னால்தான். கொடுத்து முடித்தாக வேண்டிய பணம் கையில் இருக்கிறது. அதற்கு வாங்கும் ஆள் தேவை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு மேல் ஒன்று. 2010-ல் ஆந்திராவில் இது முற்றித் தற்கொலைகள் நடந்து, அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வருடத்துக்கு மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கான நுண்கடன்களுக்கு 2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்தது: எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி! அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் மிச்சப் பாதி.

இந்த விஷயத்தில் நம் தமிழ்நாடு பழுத்த அனுபவசாலி. 2003-ல் நாம் போட்ட கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி என்று தெருவில் புழங்கிய சொற்களே சட்டச் சொற்களாக ஏறியிருக்கின்றன. நூறு நாள் தண்டல் என்றால் கையில் ஒன்பதாயிரம் வரும், தினம் நூறாகப் பத்தாயிரம் போகும். மாட்டுத்தாவணியில் பூ வாங்கித் தொடுத்து விற்கிற அம்மாளுக்கு அந்த ஆயிரம் வட்டியாகக் கூடத் தெரியாது, அன்றாடச் செலவுதான். மல்லிகை விலை சரிந்த அன்றும் நூறு போயாக வேண்டும்.

அப்படியானால் வட்டியே பாவமா? வட்டி வாங்கிச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் முப்பத்தேழு வருடம் உட்கார்ந்தவன் நான். இந்தக் கேள்வியை மேலோட்டமாகத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. எனக்குப் பதில் கிடைத்த இடம் பெண்களின் களஞ்சியம். பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்து சிறுகச் சேமித்து, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். வட்டி விகிதத்தை அவர்களே வைக்கிறார்கள். வருகிற வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. 1992-ல் நபார்டு இப்படிப்பட்ட குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 1997-ல் மதுரையில் தொடங்கிய தானம் அறக்கட்டளை களஞ்சியத்தை ஓர் இயக்கமாக வளர்த்தது. அதில் வந்தவர்தான் அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலி சின்னப்பிள்ளை. பிரதமர் வாஜ்பாய் விருது கொடுக்கும் மேடையில் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீ. அந்தக் கால் தொடும் படத்தைப் பார்த்தவர்கள் பல பேர். அந்தப் பெண்கள் கூட்டம் போட்டு, "இவளுக்கு எதுக்குக் கடன்? அவ புருசன் குடிச்சிருவான், அவ கையில குடுக்காம நேரா ஆட்டுக்காரன்கிட்டக் குடுப்போம்" என்று முகத்துக்கு நேரே பேசித் தீர்மானிப்பதைப் பார்த்தால்தான் அந்த மரியாதைக்குக் காரணம் புரியும். 1984-ல் நான் கேட்கத் தவறிய கேள்வியை அவர்கள் கேட்கிறார்கள். வட்டி எவ்வளவு என்பதைவிட அந்த வட்டி யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் பாவமும் புண்ணியமும் இருக்கிறது என்று நான் முடிவுக்கு வந்தேன்.

என் நண்பர் இதை ஒத்துக்கொள்வதில்லை. கோரிப்பாளையம் தர்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். "குறைஞ்ச வட்டின்னா குறைஞ்ச பாவம்னு கணக்கெல்லாம் கிடையாது சார், வட்டி வட்டிதான்" என்பார். யாருக்காவது பணம் கொடுத்தால் அழகிய கடன். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும், ஆனால் அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக்கூடாது. முடியாதவனுக்குத் தவணை கொடுக்க வேண்டும். ஜகாத் பற்றியும் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சொத்தில் நாற்பதில் ஒரு பங்கை ரமலானில் பத்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்து பேரும் அடுத்த ரமலானிலும் வந்து நிற்பார்கள். ஒருவனுக்கே ஒரு தொழிலுக்கு வேண்டியதைக் கொடுத்தால் அடுத்த வருடம் அவன் பெயர் பட்டியலில் இருக்காது. "பேரு எடுபடணும் சார். வாங்குறவன் பேரு லிஸ்ட்ல இருந்து எடுபடணும்." ஆபுத்திரன் கதையை நான் அவருக்குச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். "மழை பெஞ்சுச்சுல்ல, அவரு ஏர் பிடிச்சிருக்கலாமே சார்" என்றார். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்தக் காவியத்தைப் படித்தவர்களில் யாரேனும் இதைக் கேட்டிருப்பார்களா, தெரியாது. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

அவரிடம் எந்த நேரமும் மூன்று நாலு பையன்கள் வேலை கற்றுக்கொண்டிருப்பார்கள். கொரோனா முடிந்த கையோடு விக்கிரமங்கலம் பக்கமிருந்து ஒருவன் வந்தான். பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தவன். "சும்மா" என்பது அந்த வீட்டில் அவனைச் சோற்றுத் தட்டின் முன் ஒவ்வொரு வேளையும் குனிய வைத்த சொல். அவனை நான்தான் கூட்டிப்போனேன். முதல் நாள் பாய் அவனிடம் ஒரு டிரெயின் போல்ட்டைக் கொடுத்து மாட்டச் சொன்னார். பையன் ஆர்வத்தில் நேராக ஸ்பேனரை எடுத்தான். பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, முதல்ல கையால ரெண்டு சுத்து. விரலுக்குத் தெரியும் மரை நேரா ஏறுதா, கோணலா ஏறுதான்னு. எடுத்த எடுப்புல ஸ்பேனரைப் போட்டா மரை கெட்டுரும். மரை கெட்டா போல்ட்டு போகாது, என்ஜினே போயிரும்."

நான் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாழையிலையும் அந்தக் காதும் என் கண்முன் வந்தன. ஸ்பேனரை எடுத்த எடுப்பில் போட்டவன் நான்.

முதலில் கை, பிறகுதான் ஸ்பேனர் என்ற இந்த வரிசையைப் புரிந்துகொண்ட ஒரு கோயிலும் இருக்கிறது. கர்நாடகத்துத் தர்மஸ்தலா அன்னதானத்துக்குப் பேர் போன இடம். அந்தக் கோயிலைச் சேர்ந்த அறக்கட்டளை 1982-ல் இரண்டு வங்கிகளோடு சேர்ந்து உஜிரேயில் வேலையில்லாத இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. தங்கவைத்து, சாப்பாடு போட்டு, காசு வாங்காமல் தொழில் கற்றுக்கொடுப்பது. அதற்குப் பிறகுதான் கடன். மதுரையிலும் அதன் நிலையம் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் இன்று நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்கு முன்மாதிரி அதுதான். சோறு போடுவது எங்கே முடிந்து தொழில் கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு போட முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் தானத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி இடுப்புத் துண்டோடு வெளியே வந்தார். சரியாக மூன்று வாரம் கழித்து அக்டோபர் 13-ம் தேதி 'யங் இந்தியா'வில் தாகூருக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில், பசித்து வேலையற்றுக் கிடக்கிற மக்கள் முன்னால் கடவுள் வரத் துணிந்தால் வேலையாகவும், கூலிக்குச் சோறு உண்டு என்கிற உறுதியாகவும்தான் வர முடியும் என்ற கருத்தைச் சொன்னார். நான் அந்த வீதி வழியாகத்தான் தினமும் கோயிலுக்குப் போகிறேன். வேலை, சோறு என்று இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதை நினைத்துக்கொண்டே போவேன்.

பாய் கடையில் அது நடந்தது. முதல் நாளிலிருந்து பையனுக்கு நூறு ரூபாய், மத்தியானச் சாப்பாடு. பாய் வீட்டிலிருந்து பெரிய தூக்குப் பாத்திரம் வரும். பையன்கள் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, தரையில் பேப்பர் விரித்து வட்டமாக உட்காருவார்கள். பாயும் கூடத்தான். கடைசியாக வந்தவனுக்கு முதலில் பரிமாறுவார். "வயித்துல ஒண்ணுமில்லாம ஸ்பேனர் பிடிச்சா கை நடுங்கும் சார், போல்ட்டு தலை ரவுண்டாயிரும்" என்று என்னிடம் காரணம் சொன்னார். அது மட்டுமே காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2020 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளெல்லாம் பி.எஸ். 6. புது மாடல்களில் கார்புரேட்டர் போய்ப் பெட்ரோலைச் சென்சார் பார்த்துப் பீய்ச்சுகிறது. காதால் என்ஜின் சத்தம் கேட்டே நோயைச் சொல்லிவிடும் பாய்க்கு அதில் கை ஓடவில்லை. பையனைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். அவன் ஸ்கேனர் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்து பாய்க்குச் சொல்லிக் கொடுத்தான். அன்றைக்குப் பாய் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரு என்ற எண்ணமே இல்லாமல் பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டார்.

மூன்று வருடம் கழித்துச் செக்கானூரணியில் தனிக்கடை போட வேண்டும் என்று பையன் சொன்னான். கம்ப்ரசர், டூல்ஸ், பழைய ஸ்கேனர் ஒன்று, கடைக்கு அட்வான்ஸ். அறுபதாயிரம் வேண்டும். முத்ரா திட்டத்தில் சிஷு பிரிவில் ஐம்பதாயிரம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். வங்கிக்கு நான் கூடப் போனேன். மேனேஜருக்கு என் மகள் வயது இருக்கும். பையனிடம் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை தெரியும்?" நான் வாயைத் திறக்கவில்லை. அவனே கால் மணி நேரம் பேசினான். நாற்பத்தைந்தாயிரம் கிடைத்தது. மீதிப் பதினைந்தைப் பாய் அழகிய கடனாகக் கொடுத்தார். வங்கிக் கடன் வட்டியோடு என்பதில் அவருக்கு வருத்தம்தான். "உன் மார்க்கம் உனக்கு, நீ உன் மனசுக்குப் பட்டதைச் செய்" என்று பையனிடம் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும், "அதை முதல்ல அடைக்கச் சொல்லுங்க சார், என்னோடது மெதுவா வரட்டும்" என்றார். வட்டியைப் பற்றி நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போவோம் என்றும் தோன்றவில்லை. அவர் பதினைந்தாயிரத்தின் மேல் ஒரு பைசா கேட்காமல் காத்திருக்கும்போது, என் முப்பத்தேழு வருடக் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

கடை போட்ட முதல் வருடம் பையன் அடிக்கடி போன் செய்வான். ஜி.எஸ்.டி. வேண்டுமா, கடன் சொல்லிப் போனவரிடம் எப்படிக் கேட்பது, இப்படி. பிறகு குறைந்தது. போன தீபாவளிக்கு வரவேயில்லை. கடையில் வேலை நெருக்கடி என்று கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலம் எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது. அப்பாவின் நாலு பானை மோர் நினைவுக்கு வந்ததும், எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு நாள் கூப்பிட்டான்.

"ஐயா, கருமாத்தூர்ல இருந்து ஒரு பையன் வந்து நிக்கிறான். வேலை கத்துக்கணுங்கிறான். சேத்துக்கலாமா?"

"பாய்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். உன் கடை, நீ சொல்றதுதான்னுட்டாரு."

"அப்ப எங்கிட்ட என்ன கேக்குற?"

"எவ்வளவு குடுக்குறதுன்னு தெரியலைய்யா. தவணை இன்னும் எட்டு மாசம் இருக்கு. நூறு, நூத்தம்பதுக்கு மேல இப்ப முடியாது."

"முடிஞ்சதைக் குடு. மத்தியானச் சாப்பாடு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கம்ப்ரசர் ஓடுவது கேட்டது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன்யா. நாளையில இருந்து பெரிய தூக்குல குடுத்துவிடச் சொல்லி."